துரையின் தமிழில் கழற்றிய எஞ்சின்

கார் எஞ்சினைக் கழற்றிப் பூட்ட எந்தப் பட்டறையில் பழகினீர்கள் என்று பின்னாளில் பலர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். பட்டறையும் இல்லை, வாத்தியாரும் இல்லை. கை முறிந்த ஒரு வெள்ளைக்காரத் துரை இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னார், நான் செய்தேன், அவ்வளவுதான். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். துரையின் தமிழ் எங்கள் குடும்பத்தை என்ன செய்தது என்பதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் நடுவில் எங்கள் தோட்டம். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை. அங்கே எல்லா ரோதைச் சக்கரங்களையும் சுற்ற வைத்த எண்ணெய் எஞ்சினைத் துடைப்பதும், அதன் பெல்ட் அறுந்தால் தைப்பதும், அது இருமினால் ஏன் இருமுகிறது என்று பார்ப்பதும் என் பாடு. இரும்பு எனக்குப் பிடிக்கும். மனுஷனைப்போல ஒன்றைச் சொல்லி இன்னொன்றைச் செய்யாது.

துரைக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, கார்தான் எல்லாம். வேறு ஒருவரை அதில் கை வைக்க விடமாட்டார், தானே ஓட்டுவார். கழுவித் துடைத்துத் தண்ணீரும் எண்ணெயும் ஊற்ற மட்டும் ஓர் ஆள் வைத்திருந்தார். அந்த ஆள் என் தங்கையின் புருஷன். மலையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடித்துக்கொண்டிருந்த மச்சானுக்குக் கார் வேலை கிடைத்ததில் எங்களுக்கெல்லாம் பெருமைதான். அட்டைக்கடி இல்லை, மழையில் நனைய வேண்டியதில்லை. அவனும் அந்தக் காரைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலக் கழுவுவான்.

ஆனால் ஒருநாள் கதவில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. துரை அவனைப் பெரட்டுக்களத்துக்கு வரவழைத்து, காலையில் வேலை பிரிக்க நின்ற அத்தனை பேரும் பார்க்கக் கன்னத்தில் அறைந்தார். மச்சான் கன்னத்தைத் தடவிக்கொண்டு போய் மறுபடி காரைத் துடைத்தான். ஆனாலும் பார்த்தவர்கள் பார்த்ததுதானே. அறை வாங்கினவன் மனதில் என்ன இருக்கும் என்று ஆளுக்கொரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டார்கள்.

சில வாரம் கழித்து அப்புத்தளை ஏற்றத்தில் கார் பெரிய சத்தத்தோடு நின்றுபோனது. நின்றது மட்டுமல்ல, பிரேக் பிடிக்காமல் பின்னால் உருண்டு மண்மேட்டில் போய் மோதியது. துரையின் வலது கை முறிந்தது. மாடு பூட்டி இழுத்து வந்து காரைக் கொட்டகையில் விட்டார்கள். சுற்றுகிற கைப்பிடியை நான் பிடித்து எவ்வளவு முக்கியும் எஞ்சின் இம்மியும் அசையவில்லை. உள்ளே ஏதோ ஒன்றோடொன்று கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு துரை கொட்டகைக்கு வந்தார்.

"யாரோ மண்ணு போட்டான். இல்ல, சீனி போட்டான். நீ கழட்டு. கண்டுபிடி. அப்புறம் பொலிஸ்" என்றார்.

யாரோ என்று அவர் சொன்னாலும், அது யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், தூணுக்குப் பின்னால் நின்றிருந்த மச்சானுக்கும் தெரியும். எஞ்சினுக்குள் ஒரு பிடி மண் கிடைத்தால் மச்சான் பதுளைச் சிறையில் கிடப்பான். என் தங்கைக்கு அப்போது நிறைமாதம். பதுளையிலிருந்து மெக்கானிக் வரவழைக்கலாம்தான். ஆனால் வெளியாள் பார்ப்பதற்கு முன் தானே பார்த்துவிட வேண்டும் என்பது துரையின் வீம்பு. அவருக்குக் கை இல்லை. ஆகவே என் கை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு ஆசையும் இருந்தது. கார் எஞ்சினின் உள்ளே பார்க்க நான் எத்தனை நாள் ஏங்கியிருப்பேன்! மச்சானின் தலை உருளப்போகிற காரியம் என்று தெரிந்தும் ஸ்பேனரைக் கையில் எடுத்தபோது எனக்குள் ஒரு குதூகலம்.

துரை பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்து, புத்தகத்தைத் தொடையில் விரித்து, பைப்பைக் கடித்தபடி சொல்ல ஆரம்பித்தார். தோட்டத் துரைமார் கற்கும் தமிழ் வேறு மாதிரி. அதில் வா, போ, கொண்டா, வெட்டு, சும்மா இரு, இவைதான் உண்டு. கேள்வி கேட்க ஒரே சொல், 'என்னா?' எல்லாமே அவருக்கு 'அவன்'. மாடும் அவன், மழையும் அவன், திருகாணியும் அவன்.

"முதல்ல தண்ணி விடு. அப்புறம் வயர் எடு. அப்புறம் தலை."

"தலைங்களா, தொரை?"

"தலை! அவன் தலை! மேல இருக்கான்."

எஞ்சினின் மேல்மூடியைத்தான் தலை என்கிறார் என்று புரிய எனக்கு நேரமானது. அந்த மூடியைப் பிடித்திருக்கும் நட்டுகளை வரிசையாகக் கழற்றக் கூடாது, ஒன்றைத் தளர்த்தினால் அடுத்து எதிர்மூலையில் இருப்பதைத் தளர்த்த வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும், இல்லாவிட்டால் மூடி வளைந்துவிடும் என்று புத்தகத்தில் இருந்தது. அதை அவர் இப்படிச் சொன்னார்: "இவன் கொஞ்சம். அப்புறம் அவன் எதிரி கொஞ்சம். சண்டை வேண்டாம்." எனக்கு நன்றாகவே புரிந்தது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். ஸ்டோர் ஆள் துரைக்கு முன்னால் சிரிப்பதென்பது அதுவரை நடக்காத காரியம்.

கழற்றிய சாமான்களை வைக்க, பெண்கள் இடுப்பில் கட்டும் சாக்குப் படங்கு ஒன்றைத் தரையில் விரித்தேன். எஞ்சினில் எது எந்தப் பக்கம் இருந்ததோ, படங்கிலும் அது அந்தப் பக்கமே. முன்னது முன்னால், பின்னது பின்னால். ஒரு நட்டை எடுத்தால் அது வந்த துளைக்கு நேராக வைப்பேன். இது புத்தகத்தில் இல்லை, என் புத்தி. துரை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

காற்றையும் புகையையும் உள்ளே விட்டு வெளியே விடும் வால்வுகளை அவர் கதவு என்றார். "கதவு மூடுதா பாரு." பிஸ்டனைச் சுற்றி இருக்கும் இரும்பு வளையங்களை மோதிரம் என்றார். "மோதிரம் ஆடுதா பாரு. ஆடணும்." பிஸ்டனைத் தாங்கும் தண்டின் அகன்ற நுனிக்கு அவர் வைத்த பெயர் பெரிய முடிவு. இன்றைக்கும் என் வாயில் அந்தப் பெயர்கள்தான் வரும். என்னிடம் பழகிய பையன்கள் கேலி செய்வார்கள்.

தலையைத் தூக்கியபோது மண்ணும் இல்லை, சீனியும் இல்லை. எனக்கு உயிர் வந்தது. ஆனால் கதவுகளின் காம்புகளில் பழுப்பாக ஏதோ ஏறி இறுகியிருந்தது. நகத்தால் சுரண்டினால் வரவில்லை.

"என்னா?" என்றார் துரை.

"கருகல்ங்க தொரை."

மறுநாள் காருக்கு அடியில் படுத்து, எண்ணெய் தேங்கும் தொட்டியைக் கழற்றினேன். அதில் இருந்தது ஒழுகவில்லை, பாகுபோல இழுத்துக்கொண்டு வந்து என் மணிக்கட்டில் விழுந்தது. அப்போது மூக்கில் ஏறிய வாடையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். எள் வாடை. அடுப்பில் மறந்துபோய் விட்டுவிட்ட பலகாரச் சட்டியின் வாடை.

துரை எப்போதும் பைப்பும் வாயுமாக இருப்பவர், அவருக்கு அது எட்டவில்லை. நான் அப்படியே மல்லாந்து கிடந்தேன். ஸ்டோர் எஞ்சினுக்கோ இந்தக் காருக்கோ ஊற்றும் எண்ணெய் ரயிலில் தகர டின்னில் வரும், அதற்கு வாடையே வேறு. யாரோ இதற்குள் நல்லெண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். பச்சையாக இருக்கும்வரை அது வழுக்கியிருக்கும். சூடேறச் சூடேறக் கோந்தாகி, மோதிரங்களைப் பிடித்து, பெரிய முடிவுக்குப் போகும் எண்ணெய்த் துளையை அடைத்து, அங்கே இருந்த மெத்தென்ற வெள்ளை ஈயத்தை உருக்கி ஓடவிட்டிருந்தது. காரில் எண்ணெய் ஊற்றுகிறவன் ஒரே ஒருவன்தான்.

அன்று மத்தியானம் தங்கை குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மச்சான் உள்ளே இருந்தான்.

"காருக்கு என்னா எண்ண ஊத்துன?" என்றேன்.

"நல்லெண்ண" என்றான். ஒளிவுமறைவே இல்லை. "டின்னு தீந்துபோச்சு மச்சான். தொரைகிட்ட சொன்னேன், கார் மேடு ஏறுனா சூடாவுது, பொகையுது, என்னா செய்யன்னு. 'நல்லெண்ணெய் ஊத்து, மட்டம் வேணாம்'னாரு. பண்டாரவளைக்குப் போயி முஸ்லிம் நானா கடையில செக்குல ஆட்டுன மொத எண்ணயா பாத்து வாங்கியாந்தேன். ஏன், பத்தலயா?"

துரை சொன்னது நல்ல எண்ணெய், உசத்தியான எண்ணெய். அவர் வாயில் இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டன. அதைக் கேட்டவனோ சூட்டுக்கு என்ன செய்ய என்று கேட்டு நின்றவன். உடம்பில் சூடு ஏறினால் எங்களில் யாராக இருந்தாலும் உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்துக் குளிரப் பண்ணுவோம். காருக்குச் சூடு, துரையே நல்லெண்ணெய் என்கிறார், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவன் இடத்தில் நான் நின்றிருந்தாலும் கடைக்குத்தான் ஓடியிருப்பேன், எஞ்சினோடு வாழ்ந்த நானே.

நான் விஷயத்தைச் சொன்னதும் மச்சானின் முகம் வெளுத்துப்போனது. தங்கை கீரையைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, ஒன்னுமே காணலன்னு சொல்லிருங்க."

"காணலன்னா மெக்கானிக்கு வருவான். அவன் கண்டுபுடிச்சா, வேணும்னே ஊத்துனதா ஆயிரும். பொலிஸு வரும்."

"அப்ப என்னா செய்றது?"

"உள்ளதச் சொல்றேன். அவரு சொன்னதத்தான செஞ்சான். சண்டாளப் பாவி இல்ல அவரு. ரெண்டு நாளா பக்கத்துல இருந்து பாக்குறேனே."

அப்படித்தான் நினைத்தேன். அவரோடு கூடவே சிரித்தவன் நான் என்ற ஒரு நம்பிக்கை.

பிஸ்டன்களை எல்லாம் வெளியே எடுத்துப் படங்கில் அடுக்கிய பிறகு துரையிடம் சொன்னேன். மோதிரம் ஒன்றும் ஆடவில்லை என்று காட்டினேன். மண் இல்லை, சீனி இல்லை என்றேன். நல்லெண்ணெய் என்றால் எங்களுக்கு எள் எண்ணெய், நீங்கள் சொன்னது ஒன்று, அவன் கேட்டது ஒன்று, சூட்டுக்கு நாங்கள் தலைக்கு வைப்பது அதுதான் என்று, அவருக்குப் புரிகிற மாதிரி துண்டுதுண்டாகச் சொன்னேன்.

அவர் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "தலைக்கு? காருக்கு... தலைக்கு எண்ணெய்?"

"ஆமாங்க தொரை."

துரை சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முறிந்த கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். மச்சானைக் கூப்பிடச் சொல்லி அவன் முகத்தைப் பார்த்து மறுபடி சிரித்தார். அவன் தோளில் ஒரு தட்டுக்கூடத் தட்டினார். மச்சானுக்கும் சிரிப்பு, எனக்கும் சிரிப்பு. எனக்கு அழுகையும் வந்தது, அவ்வளவு நிம்மதி. அன்று சாயங்காலம் தங்கை வீட்டில் ரொட்டி தட்டிச் சாப்பிட்டோம்.

விடிந்ததும் பெரட்டில் பெரிய கங்காணி மச்சானை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். கையில் பத்துச்சீட்டு. அதை வாங்கினவனுக்கு அந்தத் தோட்டத்தில் இனி வேலை இல்லை. லயத்தைக் காலி பண்ண வேண்டும், தோட்ட எல்லைக்குள் நிற்கவும் கூடாது, அவனோடு அவன் பெண்டாட்டியும்.

"தொரைக்குக் கோவமாங்க?" என்று நான் கேட்டேன்.

"கோவமா? சிரிச்சுக்கிட்டேதான் எடது கையால கையெழுத்து போட்டாரு" என்றார் கங்காணி. அவருக்கே முகம் சரியில்லை.

நான் கொட்டகைக்கு ஓடினேன். துரை புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். தங்கை பிள்ளைத்தாச்சி என்றேன், மச்சான் தெரியாமல் செய்தான் என்றேன், காலில் விழாத குறை. அவர் நான் சொன்னதைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. தலையை நிமிர்த்தி, அன்பாகத்தான் சொன்னார்:

"சரி, சரி. அவனைத் திரும்பச் சேர்."

எனக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பச் சேர்! வேலைக்கு எடுப்பதை நாங்கள் சேர்ப்பது என்றுதானே சொல்லுவோம். ஒரே மூச்சில் லயத்துக்கு ஓடினேன். தங்கை மூட்டை கட்டி முடித்திருந்தாள். "அவுத்து வையி, தொரை சேத்துக்கச் சொல்லிட்டாரு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். தங்கை மூட்டையை அவிழ்த்து, அரிசியை எடுத்து, உலையே வைத்துவிட்டாள்.

உலை கொதிக்கும்போது தோட்டத்துக் காவல் வாட்சரும் கங்காணியும் வந்தார்கள். இன்னும் ஏன் போகவில்லை என்றார்கள். நான் துரை சொன்னதைச் சொன்னேன். கங்காணி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "நீ ஏன் எஞ்சினைப் பூட்டாம இங்க நிக்கிறேன்னு தொரை சத்தம் போடுறாரு" என்றார்.

கழற்றிக் கிடந்த எஞ்சினைத்தான் அவர் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். எல்லாமே அவருக்கு அவன்தானே.

வாட்சர் கொதிக்கிற உலையைத் தூக்கி வாசலில் ஊற்றினான். தங்கை அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சான் பாயைச் சுருட்டித் தலையில் வைத்தான். கொஸ்லந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவனுக்குப் பெரியப்பா முறையில் ஒருவர் இருந்தார், அங்கே போவதென்று கிளம்பினார்கள். எல்லை வரைக்கும்கூட என்னால் போக முடியவில்லை, கங்காணி என் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு இழுத்துப் போனார். கொட்டகையிலிருந்து பார்த்தால் ரோடு தெரியும். பனி மூடுகிறவரைக்கும் அவர்கள் இறங்கிப் போவதைப் பார்த்தேன். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. அந்த மழையில் நான் பிஸ்டன் துடைத்துக்கொண்டிருந்தேன். அன்று துரையின்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் காகிதம் தாங்காது.

போகிற வழியில், அப்புத்தளை இறக்கத்துக்குக் கீழே, ஒரு வண்டிக்காரன் கொட்டிலில் தங்கைக்கு வலி எடுத்திருக்கிறது. வண்டிக்காரனின் சம்சாரம், ஒரு சிங்களப் பெண், தன்னால் ஆனதைச் செய்திருக்கிறாள். ஆண் பிள்ளை. அழவில்லை. கொட்டிலுக்குப் பின்னால் மச்சானே குழி தோண்டியிருக்கிறான். சேதி எனக்கு வந்து சேர்ந்தபோது நான் புது ஈயம் வைத்த பெரிய முடிவுகளைத் தண்டில் பூட்டிக்கொண்டிருந்தேன். வேலையை விட்டுப் போக உத்தரவு கிடைக்கவில்லை.

எஞ்சின் பிறகு நன்றாக ஓடியது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மச்சானின் வேலை எனக்கு வந்தது. வேண்டாம் என்றால் எனக்கும் பத்துச்சீட்டுத்தான், என் வீட்டிலும் வாய்கள் இருந்தன. ஆகவே இருந்தேன்.

துரைக்கு இந்தக் கதை மிகவும் பிடித்துப்போனது. பங்களாவுக்கு விருந்து வரும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டனுப்புவார். தோட்டத்துப் புல்லில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். "சொல்லு" என்பார். நான் சூடு என்பேன், தலை என்பேன், நல்லெண்ணெய் என்பேன். அவர் ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் சொல்லுவார். எந்த இடத்தில் அவர்கள் சிரிப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஒருமுறை பதுளையிலிருந்து வந்திருந்த ஒரு துரைசானி மட்டும் மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. வயசானவள். என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் துரையிடம் ஏதோ கேட்டாள். துரை என் பக்கம் திரும்பினார்.

"அம்மா கேக்குறான். எண்ணெய் ஊத்தினவன், அவன் இப்ப என்னா?"

அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை. நான் சொன்னேன், அவருக்குப் புரியட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.

"கொஸ்லந்தயில இருக்கான், தொரை. போற வழியில அவன் புள்ள செத்துப் பொறந்துச்சு. என் தங்கச்சி அதுலருந்து பேசுறதில்ல."

துரை என்னைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம் திரும்பி அதை இங்கிலீஷில் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துத் தலையசைத்து, சந்தோஷமாகச் சிரித்தாள்.

நான் சொன்னது அவருக்குப் புரியவில்லையா, புரிந்துதான் வேறொன்றைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் இல்லை, பதில் சொல்கிற அளவுக்கு அவருக்குத் தமிழும் இல்லை.